வேப்பமர உயரத்திலிருந்து

12 மார்ச் 1946, செவ்வாய். திருச்சுழி.

இடது தோள் விண்ணென்று தெறிக்கிறது. ஆனாலும் எழுதாமல் படுக்க முடியவில்லை.

காலையில் கிணற்றடியில் வழுக்கி விழுந்து தோள்மூட்டு இறங்கிவிட்டது. கட்டுப்போடும் வைத்தியர் முற்றத்தில் வைத்துக் கையைப் பிடித்து இழுத்தார். அந்த நொடியில் நான் உடம்பை விட்டு, முற்றத்து வேப்பமர உயரத்தில் இருந்தேன். கீழே என் வகிடு தெரிந்தது. தூரத்தில் வறண்ட கண்மாய் முழுசாகத் தெரிந்தது. ஆண்டவர் எங்களை இப்படித்தான் பார்ப்பாரோ என்று நினைத்தேன். வலியே இல்லை. கீழே என் வாயால் எஸ்தர் பேசினாள்.

"இன்னும் பலமா இழுங்கய்யா. இவ தாங்க மாட்டா, நான் தாங்குவேன்."

எஸ்தர் சிறுவயதிலிருந்தே எனக்குள் இருப்பவள். யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் பிசாசு என்று விரட்டப் பார்ப்பார்கள்.

வைத்தியர் போனதும் என் வீட்டுக்காரர் கேட்டார். "பேசினது நீயில்ல. யாரு அது?"

பயந்துகொண்டே எல்லாம் சொன்னேன். என் தோள்கட்டைச் சரிசெய்தபடியே கேட்டார்.

"அப்ப உன் வலியெல்லாம் அவுகதான் வாங்கிக்கிட்டாகளா?"

"ஆமா."

"அவுகளுக்கு யாரு ஆறுதல் சொல்றது?"

எஸ்தரை ஒருவர் மரியாதையாக 'அவுக' என்று சொல்லி இன்றுதான் கேட்கிறேன். எனக்கு அழுகை வரவில்லை. ஆனால் என் கண்கள் நிறைந்து வழிந்தன. இத்தனை வருஷத்தில் எஸ்தர் அழுது நான் பார்த்ததே இல்லை.