ராகு காலம் முடிந்த பிறகு அனுப்பியது

செவ்வாய், இரவு

அக்காவின் ஆராய்ச்சிக்கு அமெரிக்க அரசிடம் நிதி கேட்கும் விண்ணப்பத்தை இன்று மாலை ஐந்து மணிக்குள் இணையத்தில் அனுப்ப வேண்டும். அது கிடைத்தால்தான் அடுத்த வருடம் அவளுக்கு வேலை. மூன்று மணிக்கே எல்லாம் தயார். இணைப்புக் கோப்புகளை நான்தான் ஏற்றிக் கொடுத்தேன்.

அம்மா விடவில்லை. "நாலரைக்குத்தான் ராகு காலம் முடியுது. பொறு பிள்ளை."

"கம்ப்யூட்டருக்கும் ராகுவோ அம்மா?" என்று அக்கா சிரித்தாள். ஆனாலும் பொறுத்தாள். பிழை இருந்தால் அனுப்பிய பிறகுதான் அந்தத் தளம் காட்டும் என்று எனக்குத் தெரியும். பள்ளியைப் பாதியில் விட்ட நான் சொன்னால் யார் கேட்பார்கள் என்று பேசாமல் இருந்தேன்.

நாலரைக்கு அனுப்பினாள். சற்று நேரத்தில் பிழை என்று செய்தி வந்தது. ஓர் இணைப்பில் ஒரு பக்கம் கூடுதல். அதைக் குறைத்து மறுபடி ஏற்றுவதற்குள் ஐந்து மணி தாண்டி, தளம் மூடிவிட்டது.

அம்மா கதவடியில் வந்து நின்றார். "போயிட்டுதோ?"

"ஓம் அம்மா, போயிட்டுது," என்றாள் அக்கா. என்னைப் பார்க்கவில்லை.

இப்போது கீழே அம்மா மாமியோடு போனில் கதைக்கிறார். "நேரம் பார்த்து அனுப்பினது. இனிப் பயமில்லை" என்கிறார். பக்கத்துக் கட்டிலில் அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். தூங்கவில்லை.