அமாவாசையில் ஓடிய தறி

அக்கா,

காலையில் துணி காயப்போட மாடிக்குப் போனேன். கொடியில் ஏற்கெனவே ஒரு கருப்பு டீ-சர்ட் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் மார்பு முழுக்க ஒரு பேய். காது வரைக்கும் வாய், வாய் நிறையப் பல், கண் இருக்க வேண்டிய இடத்தில் நெருப்பு. உன் மகளுடையதுதான். ஐம்பதை நெருங்குகிறாள், பேய்ப்படப் பைத்தியம் இன்னும் தெளியவில்லை. நீ போய்ச் சேர்ந்த பிறகும் என்னிடம் வருவதை விடவில்லை, நாலு நாள் லீவில் வந்திருக்கிறாள். "யாருடி இது?" என்று கேட்டேன். படத்தின் பெயரைச் சொன்னாள். நீயும் நானும் பார்த்த அதே படம்தான். அதற்குப் பிறகு எத்தனையோ பாகம் எடுத்துவிட்டார்களாம், இது கடைசியாக வந்ததாம். எனக்கு வந்த கோபத்தைப் பார்த்து அவளே ஒரு அடி பின்னால் போனாள். அந்தப் பேய்க்கு ஏது முகம்?

அது வெள்ளைக்காரர் ஊரில் எடுத்த படம். ஒரு அம்மாவும் பெண்ணும் காட்டோரம் ஒரு பழைய வீட்டுக்குக் குடிவருகிறார்கள். தரைக்கு அடியிலிருந்து ஒரு சத்தம் கேட்கிறது. டக்கு, டக்கு. அவ்வளவுதான் பேய். கடைசி வரைக்கும் அதைக் காட்டவே இல்லை. சத்தத்தில் ஆடுகிற பாத்திரத்தையும், அதைக் கேட்டு அப்படியே நின்றுபோகிற பெண்ணின் கையையும்தான் காட்டினான். எடுத்தவன் கெட்டிக்காரன். அந்தத் துணிச்சல் அவனுக்குப் பின்னால் வந்த ஒருத்தனுக்கும் இல்லை என்று நான் அடித்துச் சொல்வேன்.

அந்தப் படம் நம் ஊருக்கு வந்தபோது மாட்டுவண்டியில் தட்டி கட்டிக்கொண்டு வீதி வீதியாக விளம்பரம் செய்தார்கள். இதய பலவீனம் உள்ளவர்களும் பெண்களும் வர வேண்டாம் என்று தட்டியில் எழுதியிருந்தது. அதைப் படித்ததும் உனக்கு ரோஷம் வந்துவிட்டது. அமாவாசைப் படையல் முடிந்து நம் மாமனார் வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கும்போது போய்க் கேட்டாய். நான் உன் முதுகுக்குப் பின்னால் நின்றேன்.

"போறது போங்க," என்றார் மாமனார். "ஆனா பாதியில எழுந்து ஓடியாந்தீங்கன்னா அதோட சரி. அப்புறம் இந்த வூட்டுப் பொம்பளைங்க சினிமாக் கொட்டாய் பக்கம் தலவெச்சிப் படுக்கக் கூடாது. முடிவு இன்னான்னு எங்கிட்ட வந்து சொல்லணும்."

"சொல்றேன் மாமா," என்றாய். ஊரில் தறி ஓடாத நாள் அமாவாசை ஒன்றுதான். மாதத்தில் அந்த ஒரு நாள்தான் நீ கொட்டகைக்குப் போவாய். மற்ற நாளெல்லாம் பார்த்த படத்தைப் பேசியே ஓட்டுவாய். அது போய்விட்டால் நீ என்ன ஆவாய் என்று எனக்குத் தெரியும்.

பகல் காட்சி. பெண்கள் பக்கம் ஓரளவு கூட்டம். எல்லாரும் தறிக்காரர் வீட்டுப் பெண்கள், ஒருத்திக்கும் இங்கிலீஷ் தெரியாது. முதல் தடவை அந்தச் சத்தம் கேட்டது. டக்கு, டக்கு. நம் வீட்டுத் தறியெல்லாம் குழித்தறி. தரையில் குழி தோண்டி, அதற்குள் காலைவிட்டு உட்கார்ந்து மிதிப்பது. தரைக்கு அடியில் டக்கு டக்கென்று கேட்டால் நம் காதுக்கு அது வேறு என்னவாக இருக்கும்? ஆண்கள் பக்கமிருந்து ஒருத்தர் சத்தம் போட்டார்.

"யாருபா அது, அமாவாசயில தறி போட்டுக்கினு கீறது?"

கொட்டகையே சிரித்தது. நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். திரையில் அந்தப் பெண் தரையில் காதை வைத்துக் கேட்டாள். சத்தம் நிற்கவில்லை. சிரிப்பு தானாக அடங்கியது. அமாவாசையன்று நம் ஊரில் யாரும் தறியில் உட்கார மாட்டார்கள். அப்படியானால் உட்கார்ந்திருப்பது யார்? எடுத்தவனுக்கு நம் ஊர் வழக்கம் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் அன்றைக்கு நாம் பயந்த மாதிரி உலகத்தில் வேறு எந்த ஊரும் அந்தப் படத்துக்குப் பயந்திருக்காது.

இடைவேளைக்குப் பிறகு பெண்கள் பக்கம் காலியாகத் தொடங்கியது. பிள்ளை அழுகிறது என்று ஒருத்தி, அடுப்பில் வேலை இருக்கிறது என்று ஒருத்தி. நான் எழுந்தேன். நீ என் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாய்.

"குந்துடி. பயமா இருந்தா கண்ண மூடிக்க. நான் பாத்துக்கினு இருக்கேன்."

முந்தானையை முகத்தில் போட்டு மூடிக்கொண்டேன். விளக்குப் போட்ட பிறகுதான் எடுத்தேன்.

வீட்டில் எல்லாரும் காத்திருந்தார்கள். நீ முகம் கழுவி, தண்ணீர் குடித்து, நிதானமாக உட்கார்ந்து கதையைச் சொன்னாய். "அப்புறம்? முடிவு இன்னா?" என்றார் மாமனார்.

"அம்மா தூங்கிட்டா மாமா. பொண்ணு மட்டும் படியில எறங்கிப் போவுது. கீழ யாருமே இல்ல. ஒரு குழி இருக்குது. சத்தம் அதுலேருந்துதான் வருது. பொண்ணு கிட்டப் போயி எட்டிப் பாக்குது. குழியில கால விட்டுக் குந்திக்குது. சத்தம் நின்னுபோச்சு." நீ கொஞ்சம் நிறுத்தினாய். "அப்புறம் மறுபடி வருது. இப்ப மிதிக்கறது அவ."

மறுநாள் காலையில் மாமனார் தறிக்குழி ஓரத்தில் நின்றார். காலை உள்ளே விடுவதற்கு முன் ஒரு குச்சியை விட்டுத் துழாவிப் பார்த்தார். நாம் இரண்டு பேரும் அடுக்களையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அந்தக் கதையை இந்த வீட்டில் இனி யாரும் பேசக் கூடாது என்று உத்தரவு போட்டார். சினிமாவுக்கு மட்டும் மறுவார்த்தை சொல்லவில்லை. சாகும் வரை ஒரு அமாவாசைகூட நம்மைத் தடுக்கவில்லை.

இன்றைக்கு மத்தியானம் உன் மகள் அந்த முதல் படத்தைத் தன் போனில் போட்டாள். தமிழ் எழுத்து கீழே ஓடியது. இந்தத் தடவை நான் கண்ணை மூடவில்லை. நம் படம் அப்படியே இருக்கிறது அக்கா, ஒரு இடம்கூடப் பழசாகவில்லை. கடைசியில் அம்மாவும் பெண்ணும் காரில் ஏறிப் போய்விட்டார்கள். கதவு திறந்தே கிடக்கிறது, உள்ளே சத்தம் கேட்கிறது, முடிந்துவிட்டது.

"அப்புறம்? அந்தப் பொண்ணு கீழ போவணுமே?" என்றேன்.

"அவ்ளோதான் சித்தி. முடிஞ்சிட்ச்சி."

அப்படியானால் நீயும் கண்ணை மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாய். இத்தனை வருஷம் என்னிடம்கூட மூச்சுவிடவில்லையே, அழுத்தக்காரி! சிரிக்கத்தான் ஆரம்பித்தேன். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. ஐயம்பேட்டையிலிருந்து தாவணி போட்ட வயதில் இந்த வீட்டுக்கு வந்தவள் நீ. வந்த வாரமே உன்னைத் தறிக்குழியில் இறக்கினார்கள். நீ ஒரு நாளும் குறை சொன்னதில்லை. ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறாய், அதுவும் எல்லாரையும் எதிரே உட்காரவைத்துக்கொண்டு. நாங்கள் அதைச் சினிமா என்று நினைத்துவிட்டோம்.

பேயைக் காட்டாமல் விட்ட அந்தப் புண்ணியவானுக்கு நான் கும்பிடு போடுகிறேன். அவன் விட்டுவைத்த இடத்தில்தான் நீ உட்கார்ந்தாய். பல்லும் நெருப்பும் வைத்து அடைத்துவிட்டவர்கள் படத்தில் உனக்கு எங்கே இடம் இருக்கும்?

உன் முடிவை உன் மகளிடம் சொன்னேன், நீ நிறுத்திய இடத்தில் நிறுத்தி. கையைத் தேய்த்துக்கொண்டாள், மயிர்க்கூச்செறிந்திருந்தது.

"சூப்பரா இருக்குது சித்தி. நான் எல்லாத்தையும் பாத்துட்டேனே, இது எந்தப் பார்ட்டுல வருது?"

"அது உங்கம்மா பார்ட்டுடி," என்றேன்.