தொப்பியில் உருளும் தண்ணீர்

என் மீன்வாசக்காரருக்கு உங்கள் வாயாடி எழுதுவது.

இங்கே நான் சுகம். நீங்கள் நனையாமல் இருந்தால் அங்கேயும் சுகம்தான். சிரிக்காதீர்கள், விஷயமே அதுதான். இதைப் படித்து முடிக்கும்வரை அந்த மழைக்கோட்டைப் போடாதீர்கள்.

நீங்கள் மீன்பிடிக் கப்பலுக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் அதைத் துவைத்தேனே. தெருப்பூனை உங்கள் பின்னாலேயே வந்ததில் மானம் போய், இரண்டு கை சோப்புத்தூள் கொட்டி ஊறவைத்தேன். புதுமாப்பிள்ளை மாதிரி மணக்கிறீர்கள் என்று என் கேலி வேறு. அவசரத்தில் கோட்டின் தொப்பியைக் கொடியிலேயே விட்டுப் போனீர்கள்.

அதில் பட்டன் அறுந்திருந்தது. நேற்று நான் வேலை செய்யும் மழைக்கோட்டுக் கம்பெனிக்கு எடுத்துப்போனேன். துணி சோதிக்கிற அம்மா அதைச் சாய்த்துப் பிடித்துத் தண்ணீர் தெளித்தார். புதுத்துணியில் முத்து முத்தாக உருண்டு ஓடும். நம் தொப்பியிலோ விருந்துக்கு வந்த சொந்தக்காரர் போல உட்கார்ந்து பரவிக்கொண்டது.

நூல்மேல் கண்ணுக்குத் தெரியாத பூச்சு இருக்கிறதாம். தண்ணீருக்கும் அதற்கும் ஆகாது. அதனால்தான் தண்ணீர் தன்னைச் சுருட்டிக்கொண்டு, அடியில் காற்று ஓட, இழைநுனியில் நிற்கிறது. மிச்சம் தங்கிய சோப்பு கல்யாணத் தரகர் மாதிரி இரண்டையும் சேர்த்துவைத்துவிடுமாம்.

"குளிர்கடல்ல இதப் போட்டு நின்னா, ஈரப்போர்வையப் போத்திக்கிட்டு நிக்கிற மாதிரிதாம்மா" என்றார் அந்தம்மா.

என் வாய் நேற்று முழுக்க மூடியிருந்தது. நம்பமாட்டீர்கள். பக்கத்து வீட்டு அக்கா போன வருஷத்திலிருந்து வாசலில் எடுக்காமல் வைத்திருக்கிறாரே தன் வீட்டுக்காரரின் ஒரு ஜோடி பூட்ஸ், அதைப் பார்க்காமல் வீட்டுக்குள் வந்தேன்.

உங்கள் போன் கிடைக்கவில்லை. நாளைக் காலை ஐஸ் ஏற்றி வரும் படகில் உங்கள் கப்பல் சமையல்காரர் அங்கே வருகிறார். நீங்கள் குளிர்கடலுக்குத் திரும்புமுன் வந்துவிடுவேன் என்று சத்தியம் செய்திருக்கிறார். இந்தக் கடிதம், தொப்பி, நம் இஸ்திரிப்பெட்டி மூன்றும் அவரிடம் இருக்கும். பெட்டியைப் பார்த்து, கடலில் யாருக்கு அம்மா மடிப்புக் கலையாத சட்டை என்று சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்ததும் வாங்கிக்கொண்டார்.

கோட்டை நுரை வராத வரைக்கும் வெறும் தண்ணீரில் அலசுங்கள். காய்ந்ததும் மேலே துணி போட்டு இளஞ்சூட்டில் தேய்த்தால், படுத்திருக்கும் பூச்சு எழுந்துகொள்ளுமாம். தொப்பியை அப்படித்தான் செய்தேன். ஒரு துளி விட்டுப் பாருங்கள், உருளும். கோட்டிலும் அப்படி உருண்டால் மட்டும் கப்பலின் மேல்தளத்துக்குப் போங்கள். உருளாவிட்டால் உள்ளேயே இருங்கள். கப்பல் தலைவர் திட்டினால், பெண்டாட்டி கெடுத்துவிட்டாள் என்று சொல்லுங்கள். உண்மைதானே.

எவ்வளவு நாற்றத்தோடு வேண்டுமானாலும் வாருங்கள், பூனையையும் கூட்டிக்கொண்டு. இனி மூக்கைப் பொத்தமாட்டேன். உலர்ந்த கையால் வந்து கதவைத் தட்டுங்கள், அது போதும்.

உங்களைத் துவைத்தவள்