பின் கண்ணாடியும் நான் ஒளிச்சு வெச்ச கயிறும்

அன்புள்ள பாப்புவுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமா இருக்கீங்கன்னு நினைச்சுக்கிட்டே எழுதுறேன். இங்க நாங்களும் சுகம்னு அடுத்த வரி எழுதணும், அது மட்டும் இன்னிக்கு என் கைக்கு வரமாட்டேங்குது. ஃபோன்ல சொல்லலாம்னா உங்க அப்பா பக்கத்துல வந்து உட்கார்ந்து ஸ்பீக்கரைப் போடுன்னு சொல்லிடுவார், அப்புறம் நான் எங்க பேசறது. விஷயம் என்னன்னா, நம்ம கார் பின் கண்ணாடியைச் சுத்தி இருக்கிற ரப்பர் தளர்ந்துபோய் மழைத் தண்ணி உள்ளே வந்துக்கிட்டிருந்துச்சு, பின் சீட்டுல ஒரே பூஞ்சை வாடை. நீ வர்றேன்னு சொன்னதுதான் தாமதம், குட்டி நனையக் கூடாது, நானே சரி பண்றேன்னு கிளம்பிட்டார். மெக்கானிக்கைக் கூப்பிடுங்கன்னு சொன்னேன், அவன் வந்து இன்னும் நாலு இடத்துல ஓட்டை போட்டுட்டுப் போவான்னுட்டார். கண்ணாடியை வெளியே எடுத்தாச்சு, பழைய பல் துலக்குற பிரஷ்ஷால ரப்பரைத் தேய்ச்சுக் கழுவியாச்சு, அது வரைக்கும் ஒரு குறையும் இல்லை.

திரும்ப மாட்டறதுக்கு ரெண்டு பேர் வேணும். ரப்பர் இடுக்குல ஒரு நைலான் கயிறைச் சுத்தி, சோப்புத் தண்ணி தடவி, வெளியே ஒருத்தர் கண்ணாடியை உள்ளங்கையால அழுத்தணும், உள்ளே ஒருத்தர் கயிறைக் கொஞ்சம் கொஞ்சமா இழுக்கணும், ரப்பரோட உதடு மடங்கித் தகரத்து மேல உட்காரும். உள்ளே நான். இந்த முட்டியை வெச்சுக்கிட்டு பின் சீட்டுல மண்டி போட்டேன்னா பார்த்துக்கோ. அவர் இழுன்னா நான் இழுப்பேன், நிறுத்துன்னா நிறுத்துவேன், கல்யாணம் ஆனதுலேர்ந்து இப்பத்தான் நான் சொன்ன பேச்சு கேக்கறேனாம், அதுக்கு ஒரு கிண்டல். பாதி தூரம் நல்லாப் போச்சு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் கை ரெண்டும் விரிச்சபடி என் மூஞ்சிக்கு நேரா இருந்துச்சு. வலது கை மட்டும் மெல்லக் கீழே வழுக்கிச்சு. சோப்புதான்னு நினைச்சேன். இழுன்னு சொல்ல வந்தவர் வாயிலேர்ந்து ழு ழுன்னு குழறலா ஒரு சத்தம் வந்துச்சு. என்னைக் கேலி பண்றார்னு நான் சிரிச்சேன் பாப்பு. சிரிச்சுட்டேன். அப்புறம் பார்த்தா வாய் ஒரு பக்கமாக் கோணியிருக்கு, கண்ணு என்னைப் பார்க்குது ஆனா பார்க்கலை. கதவைத் திறந்து விழுந்தடிச்சு ஓடினேன், அதுக்குள்ள அப்படியே தரையில உட்கார்ந்துட்டார்.

பக்கத்து வீட்டு நர்ஸ் வந்து பார்க்கறதுக்குள்ள பேச்சு சரியாயிடுச்சு, கையும் தூக்கினார், ஒண்ணுமில்லை சோப்பு வழுக்கிடுச்சுன்னு சாதிச்சார். அந்தப் பொண்ணு கேக்கலை, தன் வண்டியிலயே ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிட்டா, அவ நல்லா இருக்கணும். ஸ்கேன் எடுத்தாங்க. மூளைக்குப் போற ரத்தம் கொஞ்ச நேரம் தடைபட்டிருக்கு, இது எச்சரிக்கைன்னு நினைச்சுக்கோங்க, மாத்திரை விடக் கூடாது, நான் சொல்ற வரைக்கும் காரைத் தொடவே கூடாதுன்னு டாக்டர் சொன்னார். இவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலையாட்டிட்டு, வீட்டு வாசல்ல கால் வெச்சதும் கண்ணாடியை எப்ப மாட்டலாம்னு கேக்கறார். நீ வர்ற அன்னிக்கு ஏர்போர்ட்டுக்கு அவரேதான் ஓட்டிக்கிட்டு வருவாராம். வழியில அந்தக் கை வழுக்கினா? பின் சீட்டுல குட்டி இருக்கும்போது வழுக்கினா? தட்டுல சோறு போட்டுட்டு அவர் கையையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். பாத்ரூம்ல கொஞ்சம் நேரமானா கதவைத் தட்டறேன், நிம்மதியாக் குளிக்கக்கூட விடமாட்டியான்னு கத்தறார், அந்தக் கத்தல் காதுல விழுந்தாத்தான் எனக்கு மூச்சே வருது.

அதனால ஒரு காரியம் பண்ணியிருக்கேன். அன்னிக்குப் பாதியில விட்ட கண்ணாடி கழண்டு வந்து இப்ப பழைய மெத்தை மேல படுத்திருக்கு, காருக்குப் பின்னாடி பிளாஸ்டிக் ஷீட் கட்டியிருக்கு. கண்ணாடி இல்லாத காரை வெளியே எடுக்கறது அவருக்கு மானக்கேடு. கயிறை எடுத்து தையல் மிஷின் டிராயர்ல துணித்துண்டுகளுக்கு அடியில ஒளிச்சு வெச்சுட்டேன். கயிறு எங்கன்னு கேட்டா தெரியாதுங்கறேன். வேற கயிறு வாங்கிட்டு வந்தாலும் உள்ளே உட்கார்ந்து இழுக்க நான் வேணுமே, முட்டி வலிக்குதுன்னு சொல்லிடுவேன். ஆனா எத்தனை நாளைக்கு? நீ ஒண்ணு பண்ணு, மாப்பிள்ளை டாக்ஸிக்குச் சொல்லிட்டார், மாத்த முடியாதுன்னு ஃபோன்ல அப்பாகிட்டயே அடிச்சுச் சொல்லு. நான் எழுதினேன்னு மட்டும் மூச்சு விடாதே. குட்டிக்குக் காதை மூடித் தொப்பி போட்டுக் கூட்டிட்டு வா, நீயும் நேரத்துக்குச் சாப்பிடு, அரைவயிறும் கால்வயிறுமா ஓடாதே.

எப்பவும் போல அடியில அவர் ரெண்டு வரி எழுதி, அவரே ஒட்டித் தபால்ல போடுவார். என் கோழிக்கிறுக்கலைப் படிக்க அவருக்குப் பொறுமை கிடையாது, இருந்தாலும் நான் எழுதினது தெரியாம மேல்பக்கத்தை மடிச்சுத்தான் கொடுப்பேன். அவர் எழுத்து முன்ன மாதிரி இருக்கா, கோணியிருக்கான்னு நல்லாப் பார்த்துச் சொல்லு. எனக்குப் பார்க்க தைரியம் இல்லை. மூணு பேரும் நூறு வயசு நல்லா இருங்க. டாக்ஸியை மறந்துடாதே.

உன் அம்மா

பாப்பு, இது அப்பா. கயிறு தையல் மிஷின் டிராயர்ல இருக்கு, எனக்குத் தெரியும். எடுக்கலை. எனக்கும் பயமா இருக்கும்மா. அம்மாகிட்ட சொல்லாதே. டாக்ஸியிலயே வந்துடு.