உப்பளத்துக்கு வந்த நீலத் துணி

மார்ச் 4
உப்பளத்துப் பெண்கள் புடவைமேல் போட்டுக்கொள்ள அறுபது முழுக்கைச் சட்டை தைக்க வேண்டுமாம். டிரஸ்ட்டிலிருந்து சாலமன் சார் துணியை மூட்டையாக இறக்கினார். பளபள நீலம். இழுத்தால் ரப்பர் போல நீள்கிறது.

“பருத்தி இல்லீங்களா சார்?”

“பிளேயருங்க போடுற துணிம்மா. வேர்வைய இழுத்துக்கும். நீ தைக்கிற வேலைய பாரு.”

சரி, பார்க்கிறேன்.

மார்ச் 19
முடிந்தது. ப்ளவுஸ் தைக்கிற அதே ஊசி, அதே நேர்த்தையல். துணி நெளிந்து நெளிந்து உயிரை வாங்கியது. தையல் விட்டுப்போன இடங்களில் மேலே இன்னொன்று ஓட்டி மறைத்துவிட்டேன்.

மார்ச் 24
உப்பளத்துப் பெண்கள் என் வாசலில் நின்று கத்துகிறார்கள். எதிர்வீட்டுக் கொளஞ்சி அக்கா, இருபது வருஷமாக உப்பு சுமப்பவள், சட்டையை என் மெஷின்மேல் வீசினாள். “கூடைய தலைக்குத் தூக்குறேன், அக்குள்ல படக்குனு பிரிஞ்சிட்டுது. இதாடி நீ தைச்ச லட்சணம்?”

சாலமன் சாரும் வந்தார். எல்லோர் முன்னாலும், “டெய்லர் சரியில்லம்மா, நான் என்ன பண்றது?”

நான் ஏன் வாயைத் திறக்கவில்லை? ஏன்?

மார்ச் 25
ஆத்திரத்தில் அந்தச் சட்டையை வெட்டினேன். நெசவுத் துணியென்றால் வெட்டிய ஓரத்தில் பாவும் ஊடுமாக நூல் பிரிந்து வரும். இது பிரியவில்லை. சுருண்டுகொண்டது. கண்ணருகே வைத்துப் பார்த்தால் முழுக்க வளையத்துக்குள் வளையம். பனியன் துணிபோலப் பின்னியது. துணி விரியும், நேர்த்தையல் விரியாது. அறுந்துதானே போகும்! முனை மழுங்கிய ஊசியும் ஜிக்ஜாக் தையலும் போட்டிருக்க வேண்டும். கை இழுக்கும்போதே தெரிந்ததே, பாவி. என் தப்பு.

ஆனால் ஒரு நூலைக் கொளுத்தினேன். பருத்தியென்றால் சாம்பலாக உதிரும். இது உருகிக் கறுப்பு மணியாக இறுகிவிட்டது. பிளாஸ்டிக். இதையா அந்த வெயிலில் மாட்டிவிட்டான் அந்த ஆளு?

மார்ச் 26
ஜிக்ஜாக்கில் தைத்த வேறொரு சட்டையைக் கொளஞ்சி அக்காவிடம் நீட்டினேன். வாங்கவில்லை. கழுத்தைத் திருப்பிக் காட்டினாள். தோல் உரிந்து சிவந்திருந்தது.

“உப்புத்தண்ணி பட்டா அப்படியே ஒட்டிக்குது பாக்கியம். நீ தைச்சது கிழிஞ்சதே தேவல. அந்த ஓட்டையிலதான் கொஞ்சம் காத்து வந்துச்சு.”

சட்டையை மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 2
டிரஸ்ட்டுக்காக அளத்தில் போட்டோ எடுக்கப் போகிறார்களாம். எல்லோரும் நீலச் சட்டையில் வரிசையாக. நானும் போனேன்.

“தையல் தப்பு என்னுது சார். துணி தப்பு உங்களுது. இந்தாங்க, நீங்களும் ஒண்ணு போட்டுக்கிட்டு மத்தியானம் வரைக்கும் இங்க நில்லுங்க.”

“டெய்லருக்கு இவ்ளோ வாயா?”

அவமானத்தில் காது சுட்டது. அப்போது கொளஞ்சி அக்கா, போட்டோவுக்காக வாங்கி மாட்டியிருந்த சட்டையைக் கழற்றி வரப்பில் போட்டாள். அடுத்தவள். அதற்கடுத்தவள். போட்டோக்காரர் கேமராவைப் பைக்குள் வைத்தார்.

ஏப்ரல் 3
தையல் கூலிக்குக் கூப்பிட்டேன், சாலமன் சார் போனை எடுக்கவில்லை. எடுக்காட்டி போ.

ஏப்ரல் 16
கூனிமேட்டுக் கடையில் எட்டுப் பேர் சேர்ந்து காடாத் துணி வாங்கி வந்திருக்கிறார்கள். முரட்டுப் பருத்தி. இது நீளாது, தளர்வாக வெட்ட வேண்டும், அக்குளில் ஒரு சதுரத் துண்டு கொடுக்க வேண்டும்.

“கூடைய தூக்குற மாதிரி கைய தூக்குக்கா,” என்றேன் டேப்போடு.

கொளஞ்சி அக்கா இரண்டு கையையும் தலைக்குமேல் உயர்த்தினாள். கூச்சத்தில் சிரித்தாள்.

“வேலைக்குப் போட்டுக்கிற சட்டைக்கு எனக்கு யாரும் அளவெடுத்ததே இல்லடி.”

அறுபது தைத்தேனே, நானும் ஒருத்திக்குக்கூட எடுக்கவில்லை. மெதுவாக எடுத்தேன்.