இரண்டாவது கோடு விழாத காலை

பெப்ரவரி 3, செவ்வாய்

பனிமழை. சென்ட் லோரன்ட் பஸ் இருபது நிமிடம் தாமதம். பரிசோதனைக்கூடத்தில் இன்று தொடங்கும் வேலை: கொரோனாவின் புதிய திரிபை எங்கள் ரேபிட் கிட் பிடிக்கிறதா என்று பார்ப்பது. நானே கேட்டு வாங்கியது. ஏன் என்று யாருக்கும் சொல்லவில்லை.

யோசப் அண்ணை, என் கணவரின் தமையன், காலமாகி இன்றுடன் நாலு வாரம். சிறுநீரகம் மாற்றிய உடம்பு. நத்தார், கிறிஸ்மஸ் காலை, என்னைக் கிட்டில் சோதித்துப் பார்த்தேன்; இரண்டாவது கோடு விழவில்லை. நெகட்டிவ்தானே என்று அவர் வீட்டுக்குப் போனேன். மறுநாள் எனக்குக் காய்ச்சல். மூன்றாம் நாள் அவருக்கு.

வாங்க: பால், வாசல் படிப் பனிக்கு உப்பு, மகளுக்குக் கையுறை.

பெப்ரவரி 4, புதன்

அண்ணையின் மனைவி ரெஜினா அக்கா போனில் அழைத்தார்.

"நீர் செக் பண்ணிப்போட்டுத்தானே வந்தனீர். புதுசு எண்டா கிட்டிலை பிடிபடாதாம், எல்லாரும் கதைக்கினம். உம்மிலை ஒரு பிழையும் இல்லை."

"ஓம் அக்கா."

அன்று காலை எனக்குத் தொண்டை கரகரத்ததை இன்றும் சொல்லவில்லை.

பெப்ரவரி 6, வெள்ளி

பழைய திரிபு, புதிய திரிபு, இரண்டையும் படிப்படியாக நீர்க்கவைத்துச் சோதனை. ஒவ்வொரு கிட்டுக்கும் பதினைந்து நிமிடம். காத்திருக்கும்போதெல்லாம் அண்ணையின் குரல்: "கிட்ட வந்து இரும் பிள்ளை, காது கேக்குதில்லை." திரும்பிப் பார்த்தேன். குளிர்பெட்டியின் இரைச்சல்.

புதியதையும் பிடிக்கிறது. பழையதைப் போலவே. வைரஸ் மிகக் குறைந்த மாதிரியில் மட்டும் இரண்டுக்கும் கோடு இல்லை. நத்தார் காலை என் மூக்கிலும் அவ்வளவுதான் இருந்திருக்கும். அறிகுறி இருந்தால் நெகட்டிவை நம்பாதீர்கள், இரண்டு நாள் கழித்துத் திரும்பச் செய்யுங்கள். கிட் பெட்டிக்குள் வைக்கும் அந்தத் தாளை எழுதியவள் நான்.

பக்கத்து மேசை கார்த்திக், சென்னைக்காரர்: "கிட் பாஸ் ஆயிடுச்சே, நல்ல விஷயம்தானே? ஏன் முகம் இப்படி இருக்கு?"

பிடிக்கக்கூடாது என்று மூன்று நாளாகச் செபித்தேன்.

பெப்ரவரி 8, ஞாயிறு

மைனஸ் பதினெட்டு. பூசை முடிந்து வில்லரே பகுதியில் அக்கா வீடு. சொல்லிவிட்டேன். தொண்டை, தாள், எல்லாம்.

அக்கா அடுப்பை அணைத்தார். பிறகு,

"தெரிஞ்சுகொண்டு ஏன் வந்தனீர்?"

"நத்தார் அக்கா. அண்ணை பாத்துக்கொண்டிருப்பார் எண்டு..."

"இன்னும் ரெண்டு நாள் பாத்துக்கொண்டிருந்திருப்பார்."

என் குளிர்கால கோட்டை எடுத்துக் கையில் தந்தார்.

பெப்ரவரி 9, திங்கள்

இரண்டு முறை அழைத்தேன். எடுக்கவில்லை. சமையல் இல்லை. கடைப் பாண் ரொட்டி, நேற்றைய பருப்பு.

பெப்ரவரி 11, புதன்

பல் வைத்தியரை அடுத்த வாரத்துக்கு மாற்றியாயிற்று. அறிக்கை அனுப்பியாயிற்று.

மாலை அக்காவே அழைத்தார். சுகம் கேட்கவில்லை.

"என்ரை சின்னவளுக்குத் தடிமன், மூக்கு ஒழுகுது. எத்தினைதரம் செக் பண்ண வேணும்?"

"இண்டைக்கு ஒருக்கா. ரெண்டு நாளாலை இன்னொருக்கா. இல்லையெண்டு காட்டினாலும் அக்கா..."

"விளங்குது."

வைத்துவிட்டார்.