மூடியில் இருந்த நம்பர்

இராஜபாளையம்,
3 ஆகஸ்ட் 2025

ஐரோப்பிய ஏட்டையா அவர்களுக்கு,

போலீஸ்காரர் மட்டும்தான் ஏட்டையாவா? பாலேடு விற்கிறவனும் ஏட்டையாதான். சலாம்.

நான் நலம். ஹாஸ்டல்தான் நலமில்லை. சிஸ்டர்கள் இருவரின் வலது செருப்புகளை மட்டும் மாற்றி வைத்தேன். நாள் முழுக்க இருவரும் நொண்டினார்கள்.

இந்த ஞாயிறும் அப்பா ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்தார். நீ பால் வியாபாரத்தை விட்டுப் போன கோபம் மூன்று வருஷமாகியும் ஆறவில்லை. உன்னோடு போனில் பேசமாட்டாராம். ஆனால் உன் கடிதத்தை நான் வாசிக்க வேண்டும். "ஏட்டி, க்ரீமை நாலு டிகிரி குளிர்லயே வைக்கானாமே, அந்தச் சமாச்சாரத்தை இன்னொருக்க வாசி" என்றார். வாசித்து முடித்ததும், "அவன் கெடக்கான்" என்று எழுந்துவிட்டார்.

க்ரீம் விற்கிறேன் என்று கதை விடுகிறாயே, அத்தாட்சி எங்கே?

இப்படிக்கு,
ஜெமி
(பன்னிரண்டாம் வகுப்பு, பதிமூன்றாம் எச்சரிக்கை)


ஆண்ட்வெர்ப்,
17 ஆகஸ்ட் 2025

அன்புத் தங்கச்சிக்கு,

க்ரீமை அனுப்பினால் வழியிலேயே தயிராகிவிடும். க்ரீம் டப்பா மூடியைக் கழுவி அனுப்பியிருக்கிறேன். அப்பாவிடம் காட்டு.

டென்மார்க்கிலிருந்து இறக்கி இங்குள்ள பேக்கரிகளுக்கு விற்கிறோம். இந்த லோடு முதன்முறையாக என் பொறுப்பு. கடை கடையாக ஏறி ஆர்டர் பிடித்தவன் நான். இது ஒழுங்காகப் போனால் வேலை நிரந்தரம். இங்கே தங்கும் அனுமதியும் நீளும். டிசம்பரில் வந்து அப்பா முன்னால் நிற்பேன்.

மூடியில் உள்ள நம்பரைப் பார். அதைச் சொன்னால், எந்த மாடு என்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள்.

அன்புடன்,
பெனின்


இராஜபாளையம்,
7 செப்டம்பர் 2025

பிறந்தநாள் ஏட்டையாவுக்கு,

மூன்றாம் தேதி என் பரிசு வந்து சேர்ந்ததா?

கம்ப்யூட்டர் லேபில் ஐந்து நிமிஷம் கிடைத்தது. மூடியில் உன் கம்பெனி மெயில் முகவரி இருந்தது. மேடம் சோஃபி என்ற பெயரில் ஒரு மெயில் தட்டினேன்: உங்கள் க்ரீமில் பல்லி வால் கிடந்தது, என் மகன் வாந்தி எடுக்கிறான். நம்பரையும் போட்டேன். நம்மூர்ப் பல்லி விசா இல்லாமலே பெல்ஜியம் போய்விட்டது பார்.

எம்புட்டு வேர்த்தது? நம் கேனில் பல்லி விழுந்தால் அப்பா என்ன செய்வார்? பேண்டேஜ் மில் துணியை நாலாக மடித்து வடிகட்டிவிட்டு, "ஒண்ணுமில்லே" என்பார். அங்கேயும் ஒருத்தர் வடிகட்டி முடித்திருப்பார்.

அப்பா மூடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். திருப்பித் தரவில்லை.

இப்படிக்கு,
மேடம் ஜெமி


ஆண்ட்வெர்ப்,
24 செப்டம்பர் 2025

ஜெமிக்கு,

இங்கே யாரும் வடிகட்டுவதில்லை.

மெயில் வந்த ஒரு மணி நேரத்தில் மொத்த லோடையும் திரும்ப எடுக்கச் சொன்னார்கள். நாற்பது பேக்கரிக்கும் நானே போனேன். கொட்டியதும் நானே. மூன்றாம் நாள்தான் நம்பரின் கடைசி இரண்டு இலக்கத்தைப் பார்த்தார்கள். அது மாதிரிக்கு வந்த பெட்டி. கடைக்கே போகவில்லை, என் மேஜையில் மட்டும் இருந்தது. யார் அந்த மேடம் சோஃபி என்று என்னைத்தான் கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. பொய் சொல்கிறேன் என்றார்கள்.

வேலை போன பிறகு, பத்தொன்பதாம் தேதி உன் கடிதம் வந்தது. அதைக் காட்டியிருக்கலாம். என் தங்கையின் வேடிக்கை இது என்று மொழிபெயர்த்துச் சொல்ல வாய் வரவில்லை. அனுமதியும் இனி நீளாது.

அடுத்தவர் பெயரில் எழுத உனக்கு நன்றாக வருகிறது. இனி ஞாயிறுதோறும் அப்பாவுக்கு என் கடிதத்தை நீயே எழுதி நீயே வாசி. நாலு டிகிரியை மறக்காதே. எனக்கு எழுதாதே.

பெனின்


இராஜபாளையம்,
12 அக்டோபர் 2025

அண்ணனுக்கு,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன்.

போன ஞாயிறு நீ சொன்னபடியே செய்தேன். நாற்பது பேக்கரி, நிரந்தர வேலை, டிசம்பரில் வருகிறேன் என்று வாசித்தேன். அப்பா கேட்டு முடித்ததும் பஸ் ஏறப் போய்விட்டார்.

இன்று வந்ததும் தன் போனை நீட்டினார். "ஏட்டி, அவன் நம்பரைப் போடு. நான் பேசுதேன்" என்றார். போட்டேன். இந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது. மறுபடியும் போடச் சொன்னார். அப்புறம் அவரே, "லோடு எறக்குத நேரமா இருக்கும். பொறவு பேசிக்கிடுவோம்" என்றார். மூடியை எடுத்து வேட்டியில் துடைத்து மறுபடி பையில் வைத்தார்.

டிசம்பரில் எந்த ரயிலில் வருவாய் என்று கேட்கிறார். நான் என்ன சொல்ல? நீ பதில் போடாவிட்டால், மேலே ஆண்ட்வெர்ப் என்று போட்டு நானேதான் எழுத வேண்டும்.

ஜெமி


ஆண்ட்வெர்ப்,
2 நவம்பர் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் நலம் அறிய ஆவல். என் போன் கெட்டுப்போய்விட்டது. புதியது வாங்கியதும் நானே கூப்பிடுகிறேன். க்ரீம் நன்றாக விற்கிறது. எல்லாவற்றையும் நாலு டிகிரியிலேயே வைத்திருக்கிறேன். வேலை அதிகமாகிவிட்டதால் டிசம்பரில் வர முடியாது.

ஜெமி இப்போதெல்லாம் சிரிப்பதே இல்லை என்று கவலைப்பட்டீர்களாம். அவள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. நீங்களே உங்கள் வாயால் அவளிடம் சொல்லுங்கள்.

உங்கள் மகன்,
பெனின்